பிரிட்ஜ் ஆட்டத்தில் முதல் இறக்கு: ஏலம் தரும் சான்றுகள்

பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் 52 சீட்டுகளும் நால்வருக்குப் பதின்மூன்று வீதம் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சியாவர். முதலில் நடைபெறுவது ஏலம். எத்தனை பிடிகள் எடுப்பது, எந்த இனத்தைத் துருப்பாகக் கொள்வது என்று இரு கட்சியாரும் முறைப்படி கேட்பர். மிகுதியாகக் கேட்ட கட்சியில், அவ்வினத்தை முதலில் சொன்னவர் ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு இடப்புறம் இருக்கும் எதிரி முதல் சீட்டை இறக்குவார். அதன் பின்னரே நடத்துபவரின் துணைவர் தம் சீட்டுகளை யாவரும் காண மேசைமீது விரிப்பார். எஞ்சிய ஐம்பத்தொரு சீட்டுகளும் அவ்விரிப்பைக் கண்டு ஆடப்படுவன. முதல் சீட்டு ஒன்றே காணாது ஆடப்படுவது.

அச்சீட்டை இறக்குபவர் தம் பதின்மூன்றையே அறிவார். மற்ற 39 சீட்டுகள் மூவரிடையே பகிரப்படக்கூடிய வகைகள் ஏறத்தாழ 845 கோடி கோடி. இந்தப் பெருந்தொகையைச் சுருக்கித் தருவது ஏலம் ஒன்றே.

இந்த ஒரு சீட்டின் மதிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2015-இல் உலகப் பிரிட்ஜ் போட்டியாகிய பெர்முடா கோப்பை சென்னையில் நடைபெற்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், இஸ்ரேலிய ஜோடி ஒன்றின்மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஏலம் முடிந்ததும் சீட்டுப் பலகையை மேசையில் வைக்கும் இடத்தைக் கொண்டு, எந்த இனத்தை இறக்கவேண்டும் என ஒருவர் மற்றவருக்கு உணர்த்தினர் என்பதே அது. பழைய ஆட்டங்களின் படப்பதிவுகளைப் பிற ஆட்டக்காரர்கள் ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தினர். இஸ்ரேல் அணி சென்னைக்கு வாராமலே விலகிக்கொண்டது. ஐரோப்பியப் பிரிட்ஜ் சங்கம் 2016-இல் அவ்விருவருக்கும் தடை விதித்தது. சென்னையில் கோப்பையை வென்றது போலந்து.

அவர்கள் களவாகப் பெற விரும்பிய செய்தியில் ஒரு பகுதி, ஏலத்தைக் கூர்ந்து கேட்பவருக்கு நேர்மையாகவே கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, இறக்குபவரிடம் பின்வரும் சீட்டுகள் உள்ளன எனக் கொள்வோம்: இஸ்பேட்டில் 9, 7, ஆட்டீனில் ராஜா, 8, 4, டைமனில் ஜாக்கி, 8, 6, 5, 2, கிளாவரில் 10, 7, 3. எதிர்க்கட்சியில் ஒருவர் துருப்பின்றி ஒன்று கேட்கிறார், துணைவர் உடனே துருப்பின்றி மூன்று என்கிறார், யாவரும் பாஸ். நீண்ட இனத்தில் நான்காவது உயர்ந்த சீட்டை இறக்குக என்பது பழைய விதி. அதன்படி டைமன் 5 இறங்கும்.

ஆனால் ஏலம் கூறுவது வேறு. முதலில் கேட்டவர் சமப் பகிர்வுடைய கையும் 15 முதல் 17 வரை புள்ளிகளும் உடையவர். (ஆஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1, மொத்தம் 40.) அவர் துணைவரிடம் நான்கு இஸ்பேட்டோ நான்கு ஆட்டீனோ இருந்திருப்பின், நேரே மூன்றுக்குத் தாவாமல், கிளாவர் இரண்டு என்னும் செயற்கைக் கேள்வியால் அவ்வினங்களை வினவியிருப்பார். வினவவில்லை; ஆகவே அவரிடம் இஸ்பேட் மூன்றுக்கு மேல் இருப்பது அரிது. முதலில் கேட்டவரிடம் பெரும்பாலும் நான்குக்கு மேல் இராது. நம்மிடம் இல்லாத இஸ்பேட்டுகள் பதினொன்று. அவற்றுள் ஏழைக் கழிப்பின், நம் துணைவரிடம் நான்கேனும் இருத்தல் வேண்டும்! ஏலத்தைக் கேளாதவருக்குத் துணைவரின் பங்கு சராசரியாக மூன்றே முக்கால் என்ற அளவினும் சற்றுக் குறைவு.

புள்ளிக் கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. நம்மிடம் 4; எதிரிகளிடம் 16-உம் 12-உம் எனக் கொண்டால், துணைவரிடம் 8 எஞ்சும். வலிமை அவரிடமே உள்ளது. நம் டைமன் இனத்தை வளர்த்தாலும் மீண்டும் பிடி பெற ஆட்டீன் ராஜா ஒன்றே உண்டு. எனவே இஸ்பேட் 9 இறக்குவதே அறிவுடைமை.

இதே சீட்டுகளுடன், எதிரிகள் இஸ்பேட் ஒன்று, கிளாவர் இரண்டு, துருப்பின்றி இரண்டு, துருப்பின்றி மூன்று என ஏறி வந்திருப்பின் டைமன் 5-ஏ தக்கது. இஸ்பேட்டும் கிளாவரும் அவர்கள் கை என்று அவர்களே சொல்லிவிட்டனர்.

துருப்பு ஆட்டத்தில் வேறொரு நுட்பம் உண்டு. ஒருவர் இஸ்பேட் ஒன்று, அடுத்து ஆட்டீன் இரண்டு எனக் கேட்க, இடையில் துருப்பின்றி ஒன்று சொன்ன துணைவர் பாஸ் சொல்லி நின்றுவிடுகிறார். அவரிடம் இஸ்பேட் குறைவு என்பது தெளிவு. நம்மிடம் இஸ்பேட் ராஜா, ஜாக்கி, 10, 8 இருப்பின், நடத்துபவர் தம் இஸ்பேட்டுகளைத் துணைவரின் துருப்பால் வெட்ட முனைவார். அத்துருப்பைக் குறைப்பதற்காக முதலிலேயே துருப்பை இறக்குவர் தேர்ந்தோர்.

மௌனமும் சான்றாகும். எதிரிகள் ஆஸ்களை எண்ணும் பொருட்டு டைமன் ஐந்து என்று செயற்கையாகச் சொல்லும்போது, டைமன் இறக்கை விரும்பும் துணைவர் அதனை இரட்டித்திருக்கலாம். அவர் வாளாவிருந்தால் வேறு இனத்தை நாடுவது நலம். ஆனால் அவர் பாஸ் சொல்லுமுன் நெடுநேரம் தயங்கினார் என்பதைப் பயன்படுத்த விதிகள் இடந்தரா. கேள்வியின் பொருள் நமக்கு உரியது. கேட்ட விதம் உரியதன்று. இதற்காகவே பெரும்போட்டிகளில் துணைவர் இருவருக்குமிடையே திரை நிறுத்துகின்றனர்.

டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியாஸும் 2011-இலும் 2012-இலும் வெளியிட்ட இரு நூல்களில் இவ்வூகங்களைக் கணிப்பொறியால் சோதித்தனர். இறக்குபவரின் கையை மாற்றாமல், ஏலத்துக்குப் பொருந்தும் ஆயிரக்கணக்கான பகிர்வுகளை உண்டாக்கி, ஒவ்வோர் இறக்கும் எத்தனை முறை ஆட்டத்தை முறிக்கிறது என எண்ணினர். மேலே கண்டது போன்ற ஏலத்தில், வலுவற்ற நீண்ட டைமனினும் குறுகிய இஸ்பேட் அல்லது ஆட்டீன் இறக்கு பலமுறை மேம்பட்டதெனக் கண்டனர். பெங்களூர் வைட்ஃபீல்டின் கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சில விடுமுறை நாட்களில் இத்தகைய சோதனையைத் தாமே அமைத்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் அவர் கருத்திற்கொள்ள வேண்டும். இச்சோதனையில் முதல் இறக்குக்குப் பின் நால்வரும் எல்லாச் சீட்டுகளையும் கண்டு ஆடுவதாகவே கொள்ளப்படுகிறது. மேசையில் அமர்ந்த மனிதரோ அவ்வாறு ஆடுவதில்லை.