சர்பத்தும் சோதனைக் குழாயும்

ராமேசுவரத்து வெயிலைப் பற்றி அங்கே போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வேளையில் சந்நிதித் தெருவில் பத்து அடி நடந்தாலே நாக்கு வறண்டு போகிறது. ஒரு கடை நிழலில் ஒதுங்கி, நன்னாரி சர்பத் ஒரு தம்ளர் வாங்கினேன். பெஞ்சியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது அறுபது இருக்கும்.

"நல்லாக் குடிங்க தம்பி. நன்னாரி ரத்தக் கட்டியை எல்லாம் கரைச்சுப் போடும்" என்றார்.

"அப்படியா அம்மா?"

"என்ன அப்படியாங்கறீங்க? எங்க வீட்டுக்காரருக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்துச்சு. ஊசி போட்டுக் காப்பாத்தினாங்க. தினம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்காங்க. பேரன் செல்போன்ல பார்த்துச் சொன்னான், நன்னாரி ரத்தக் கட்டியைக் கரைக்கும்னு சோதனை பண்ணியே கண்டுபிடிச்சிருக்காங்களாம். மூணு நாளா மாத்திரையை நிறுத்திட்டு, வேரை இடிச்சுக் கஷாயம் கொடுக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், பேரன் சொன்னது பொய் அல்ல! அப்படி ஒரு சோதனை நடந்தது வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சோதனை என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அந்த அம்மாளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

*எந்தக் கட்டி?*

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். கதவில் முழங்கை இடித்துக் கொண்டால் தோல் கன்றிப் போகிறதே, அதையும் நாம் ரத்தக்கட்டு என்கிறோம். அது சில நாளில் தானே மறைந்து விடும். மாரடைப்பில் வருவது வேறு. இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்க்கு உள்ளேயே ரத்தம் உறைந்து வழியை அடைத்துக் கொள்கிறது.

உறைந்த கட்டிக்கு உள்ளே ஃபைப்ரின் என்ற நூல்கள் மீன் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. அந்த வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக் கொள்கின்றன. வலையை அறுத்தால் கட்டி கரையும். அறுக்கும் கத்தி நம் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் தூங்கிக் கொண்டிருக்கிறது. அதை எழுப்பி விடுவதுதான் ஆஸ்பத்திரியில் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசி மருந்தின் வேலை.

*குழாயில் நடந்தது*

இனி நாகபுரிக்குப் போவோம். அங்குள்ள மத்திய இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள், 2006-ல் ஒரு சுலபமான சோதனை முறையை வெளியிட்டார்கள். சமையலறைத் தராசு பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

சின்னஞ்சிறு குழாய் ஒன்றை முதலில் வெறுமனே எடை போட வேண்டும். அதில் அரை மில்லி ரத்தம் விட்டு, உடம்புச் சூடான 37 டிகிரியில் 45 நிமிஷம் வைத்தால் உறைந்து விடும். மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து விட்டு மறுபடியும் எடை போட்டால் கட்டியின் எடை தெரிந்து விடும். பிறகு மூலிகைச் சாறு பத்தில் ஒரு பங்கு மில்லி விட்டு, 90 நிமிஷம் கழித்து, கரைந்ததை எடுத்து விட்டு, மூன்றாம் முறை எடை. குறைந்த எடைதான் கரைந்த அளவு.

இதில் ஒரு நேர்மையும் உண்டு. பக்கத்துக் குழாய் ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஸ்ட்ரெப்டோகைனேஸ். தண்ணீரைவிட மூலிகை எவ்வளவு மேல், மருந்தைவிட எவ்வளவு கீழ் என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

2007-ல் இந்த முறைப்படி ஆறு மூலிகைகளின் தண்ணீர்ச் சாற்றைச் சோதித்தார்கள். ஆறில் ஐந்து நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகள்! மஞ்சிட்டி நூற்றுக்கு 14.5 பங்கு கரைத்தது. அதிமதுரம் 17.8. சீந்தில் 19.3. நம் நன்னாரி 20.3. நீர்ப்பிரமி 41.8. ஆறாவது, வடக்கே தமாசா என்று அழைக்கும் ஒரு முட்செடி; அது 75.6 பங்கு கரைத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் கரைத்தது 86.2.

ஆக, மருந்து நூற்றுக்கு 86 பங்கு கரைத்த இடத்தில் நன்னாரி கரைத்தது 20. அதுவும் குழாயில்!

*குழாய் வேறு, குடல் வேறு*

குழாயில் சாறு நேரே கட்டியின் தலைமேல் விழுகிறது. நாம் குடிக்கும் கஷாயமோ வயிற்றுக்குப் போய், குடலைக் கடந்து, ஈரலுக்குப் போய், சரீரம் முழுவதும் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலக்க வேண்டும். வழியில் எது சிதைந்தது, எது மிஞ்சியது என்று எடை இயந்திரம் சொல்லாது. கட்டியின் எடை குறைந்தது என்று சொல்லுமே தவிர, எந்தச் சத்து குறைத்தது என்றும் சொல்லாது. இதை அந்த ஆராய்ச்சியாளர்களே ஒளிக்கவில்லை. உயிருள்ள உடம்பில் கரைக்குமா என்பதும், கரைக்கும் பொருள் எது என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். பேரன் அந்தக் கடைசி வரி வரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது!

குழாயிலிருந்து கட்டிலுக்கு வர ஒரு மருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் தெரியுமா? தொண்டைப் புண் உண்டாக்கும் ஒரு கிருமி உறைந்த ரத்தத்தைக் கரைக்கிறது என்று அமெரிக்க டாக்டர் வில்லியம் டில்லெட் 1933-ல் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பு வந்த 17,187 பேரிடம், 417 ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய பரீட்சையின் முடிவு 1988-ல்தான் வெளியாயிற்று. அந்த ஊசியும் ஆஸ்பிரினும் இரண்டும் பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக் குழாய் நோயால் இறந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 8 பேர். அந்த ஐந்து உயிருக்காக ஐம்பத்தைந்து வருஷம்!

*கடலுக்கு அடியிலும்*

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக் கொண்டு, விரல்களில் துணி சுற்றிக் கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அதில் கட்டக்கோரை என்பது ஒன்று. அந்த இனத்துப் பழுப்புப் பாசிகளில் ஃபுகோய்டன் என்ற சத்து இருக்கிறது. ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்துகிறது என்று சோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உறையாமல் தடுப்பது ஒரு வேலை. உறைந்ததைக் கரைப்பது வேறு வேலை. அந்த அம்மாளின் கணவருக்கு அன்று போட்ட ஊசி இருந்த கட்டியைக் கரைத்தது. தினம் கொடுக்கும் மாத்திரை, புதுக் கட்டி சேராமல் காவல் இருக்கிறது. காவல்காரனை அனுப்பி விட்டால் வீடு என்ன ஆகும்?

பக்கவாதத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். மூளையில் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிகிறவருக்கு உறைவைத் தடுக்கும் எதைக் கொடுத்தாலும் கேடுதான்.

*பாலம் தாண்டி*

ராமேசுவரம் ஒரு தீவு. 1914-ல் ரயில் பாலம் வந்தது. மோட்டார் போகும் பாலம் 1988-ல்தான் வந்தது. ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. கஷாயம் காய்ச்சும் அரை மணி, பாதி வழி போய்ச் சேரும் அரை மணி!

ஆகவே சகோதரிகளே, நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பும் முதுகு வலியுமாகவும் வரக்கூடும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தால் நாலரை மணிக்குள் ஊசி போட்டாக வேண்டும். தினசரி மாத்திரையோடு ஏதாவது மூலிகையும் கொடுத்து வந்தால், அதை டாக்டரிடம் கூசாமல் சொல்லி விடுங்கள்.

இதையெல்லாம் கேட்டு விட்டு அந்த அம்மாள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ நன்னாரி பொய்யா தம்பி?"

"பொய்யில்லை அம்மா. வெயிலுக்கு அதைப் போல எது உண்டு? ஆனால் மாத்திரையின் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். இன்றைக்கே அவரை அழைத்துக் கொண்டு போய், மூன்று நாள் நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லுங்கள்."

வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருந்தவர், முந்தானையைத் தலையில் போட்டுக் கொண்டு எழுந்தார். வெயில் தாழவில்லை. அவர் வீட்டைப் பார்த்து நடந்து விட்டார்.