கொத்தியதற்கு வெயில், தீட்டியதற்கு நிழல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்குப் பாறைச் சித்திரங்களைப் படமெடுக்கப் போகிறீர்களா? கேமரா, லென்ஸ் பேச்செல்லாம் பிறகு. எதிரே இருப்பது கொத்தியதா, தீட்டியதா என்று முதலில் பாருங்கள். எந்த நேரத்தில் போய் நிற்பது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

கொத்தியதிலிருந்து தொடங்குவோம். அங்குள்ள மணற்பாறைகளின் மேல் கறுப்பும் பழுப்புமாக ஒரு பூச்சு படிந்திருக்கும். காற்று கொண்டுவரும் களிமண் துகளோடு மாங்கனீஸ், இரும்பு ஆக்சைடுகள் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளில் உண்டான பூச்சு அது. பெரும்பாலும் தாளைவிட மெல்லியது. கல்லால் கொத்தி அதை நீக்கினால் உள்ளிருக்கும் வெளிறிய பாறை தெரியும். அந்த நிற வேறுபாடுதான் சித்திரம்.

இந்தியன் கிரீக் பக்கம் இருக்கும் நியூஸ்பேப்பர் ராக்கில் நூற்றுக்கணக்கான உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சில பளிச்சென்று இருக்கும், சில மங்கிக் கிடக்கும். கொத்திய இடத்திலும் பூச்சு மெல்ல மறுபடி படியும் என்பதால், பழையவை இருண்டுகொண்டே போகும். குதிரைமேல் ஆள் இருந்தால் இன்னொரு தடயமும் கிடைத்துவிடும்: ஸ்பானியர்கள் வந்த பிறகே அந்த நிலத்து மக்கள் குதிரையேறினார்கள். இப்படிப்பட்ட பாறைக்குக் காலையோ மாலையோ சாய்ந்து விழும் வெயில் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சிறு நிழல் விழுந்து உருவம் எழுந்து நிற்கும்.

தீட்டியதற்கு இது நேர்மாறு. ஹார்ஸ்ஷூ கேன்யனில் கிரேட் கேலரி என்ற நெடுஞ்சுவர் இருக்கிறது. போய்வர ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடை. கையும் காலும் இல்லாமல், கீழே போகப்போகக் குறுகும் உடலோடு, ஆளுயரச் செந்நிற உருவங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இவை கி.பி. 1-க்கும் 1100-க்கும் இடையில் தீட்டப்பட்டவை என்று 2014-இல் வெளியான ஆய்வு கணித்தது. இங்கே நேர் வெயில் பட்டால் சிவப்பு வெளிறிவிடும். பாதி வெயில், பாதி நிழல் என்றால் இரண்டுமே கெடும். சுவர் முழுவதும் நிழலில் இருக்கும் நேரத்தில் முக்காலி வைத்து நிதானமாக எடுங்கள்.

நிறம் மங்கிவிட்டது என்று தண்ணீர் தெளிப்பதும், கோடு தெரியவில்லை என்று சாக்பீஸால் வரைவதும் முன்பு நடந்தவை. இரண்டும் பாறைக்குக் கேடு. இன்று அதற்குத் தேவையும் இல்லை. ஜான் ஹார்மன் உருவாக்கிய டி-ஸ்ட்ரெச் என்ற மென்பொருள், படத்திலுள்ள நிறங்களுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாட்டை விரித்துக் காட்டும். கண்ணுக்குப் பிடிபடாத சிவப்புக் கோடுகூடத் திரையில் தெரிந்துவிடும். பாறைமேல் விரல் பட வேண்டிய அவசியமே இல்லை.

ஹோப்பி, சூனி, யூட் பழங்குடி மக்களுக்கு இந்தச் சித்திரச் சுவர்கள் முன்னோர் விட்டுச்சென்ற இடங்கள். கூட்டாட்சி நிலங்களில் இவற்றைச் சிதைப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் ஆளில்லாப் பள்ளத்தாக்கில் சட்டத்துக்கு முன்னால் நிற்பவர் நீங்கள்தான். ஆகவே தொடாதீர்கள்; சுவரடியில் புழுதி கிளப்பாதீர்கள்; அதிகம் அறியப்படாத இடமென்றால், படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.