எடை குறையும் வரை சலிக்காமல் நடக்க

உடற்பயிற்சிக் கூடங்களில் முன்வரிசையில் நிற்கும் டிரெட்மில்லுக்குச் சற்றே சங்கடமான பூர்வீகம் உண்டு. 1818இல் வில்லியம் க்யூபிட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக அதை வடிவமைத்தார். பெரிய உருளை ஒன்றின் மேற்பரப்பில் படிகள் பொருத்தப்பட்டிருக்கும். கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஏறினாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். சில சிறைகளில் அந்த உருளை தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. வேறு சில சிறைகளில் எதற்கும் பயனின்றி வெறுமனே சுழன்றது. நியூயார்க் சிறையில் அதைக் கண்டு 1824இல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, தண்டனையின் கொடுமை உழைப்பின் கடுமையில் இல்லை, அதன் மாறாத ஒரே சீரில்தான் இருக்கிறது என்னும் கருத்தைப் பதிவு செய்தார். இன்று அதன் வழித்தோன்றலின்மீது மாதச் சந்தா செலுத்தி நாமே விரும்பி ஏறுகிறோம். மூன்றாம் மாதத்தில் நாம் போவதில்லை. சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் தம் மனவுறுதியைத்தான் குறை கூறுவார்கள். அது நியாயமன்று என்பது என் எண்ணம். நாள்தோறும் அதே பாதை, அதே வேகம், அதே நாற்பத்தைந்து நிமிடம் என்று அமைத்துக்கொண்ட திட்டத்தில்தான் பிழை இருக்கிறது. இழப்போ சிறியதன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இதயத்துக்கும் உடலுழைப்புக்கும் உள்ள உறவோ அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை ஜெரமி மாரிஸ் 1953இல் எடுத்துக்காட்டினார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள் என்பதே அந்த ஆய்வின் சிறப்பு.

சலிப்பு ஏன் இத்தனை விரைவில் வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓய்வாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று என்று கொண்டால், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கும்போது அது ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. இந்த மடங்கை உடல் எடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் கலோரிச் செலவு கிடைக்கும். எண்பது கிலோ எடையுள்ளவர் நாற்பத்தைந்து நிமிடம் நடந்தால் சுமார் 210 கலோரி. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 1,050. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆக, ஒரு கிலோவுக்கு ஏழு வாரங்களுக்கு மேல் ஆகிறது. இதுவும் மொத்த வருவாய்தான். சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்து நிகரத்தைப் பார்த்தால் காலம் இன்னும் நீளும். எடை குறையக் குறைய அதே நடையின் பலனும் சுருங்கும்: எழுபத்திரண்டு கிலோவுக்கு இறங்கியவருக்கு அந்த 210 கலோரி 189 ஆகிவிடுகிறது. நடந்து முடித்த மகிழ்ச்சியில் உண்ணும் சமோசாவும் சர்க்கரை போட்ட தேநீரும் அன்றைய வரவை அநேகமாகத் துடைத்துவிடும்.

ஆகவே எடை குறைப்பதில் பெரும்பங்கு உணவினுடையது. பயிற்சி அதற்குத் துணை நிற்கும். குறைந்த எடை திரும்பிவராமல் காக்கும். இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் தனியே நன்மை செய்யும். இதை அறியாமல் நாள்தோறும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்பவருக்கு மூன்றாம் வாரத்திலேயே நடை வெறுத்துப்போகும். அளக்க வேறு பொருள்கள் இருக்கின்றன. இடுப்புச் சுற்றளவு அவற்றுள் முதன்மையானது. இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது மருத்துவர்கள் கூறும் எல்லை. குறிப்பிட்ட இரண்டு கிலோமீட்டரை மாதம் ஒருமுறை நேரம் பார்த்து நடந்து குறித்து வைக்கலாம். அன்றாடம் 10,000 அடிகள் என்னும் இலக்கை மட்டும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்னும் பொருளுடையது. அந்த எண் பிறந்தது அங்கேதான், மருத்துவ ஆய்வில் அன்று. உலக நல்வாழ்வு அமைப்பின் பரிந்துரை வேறு விதமானது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, இரண்டையும் கலந்தும் கொள்ளலாம். இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். தொடர்ந்து சில சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடம் தரவில்லை என்றால் கடும் வேகம்.

இனி, அந்த 150 நிமிடங்களை எப்படிச் சுவையாக்குவது?

முதலில் மாற்ற வேண்டியது வேகம்; அதற்குச் செலவே இல்லை. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் கொண்டு ஐந்து மாதம் ஒரு முறையைச் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று நிமிடம் விரைவு நடை, மூன்று நிமிடம் மெல்லிய நடை, இப்படி ஐந்து சுற்று. மொத்தம் அரை மணி நேரம். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் வலிமையும் மூச்சுத் திறனும் கூடுதலாக உயர்ந்தன; இரத்த அழுத்தமும் நன்கு குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த கூறு, மூன்று நிமிடம் என்பது சலிப்பு எட்டிப்பார்க்கும் முன்பே முடிந்துவிடுகிறது என்பதுதான். கடிகாரம் பார்க்க விரும்பாதவர்களுக்கு ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மேர் 1930களில் வகுத்த ‘பார்ட்லெக்’ இருக்கிறது. வேக விளையாட்டு என்பது அச்சொல்லின் பொருள். அடுத்த விளக்குக் கம்பம் வரை வேகம், அதற்கடுத்த வேப்பமரம் வரை நிதானம் என்று கண்ணில் படுவதைக் கொண்டே எல்லை வகுத்துக்கொள்ளலாம். மும்பை மரைன் டிரைவில் வரிசையாக நிற்கும் விளக்குகள் இதற்கென்றே நட்டவை போலத் தோன்றும்.

அடுத்தது இடம். பணியிட மாற்றலால் ஊர் ஊராகச் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு நகரமும் ஒரு புதுப் பாதையைத் தருகிறது. மாற்றல் ஆணையில் குறிப்பிடப்படாத சலுகை அது. தில்லிக்கு லோதி தோட்டம், பெங்களூருக்குக் கப்பன் பூங்காவும் லால்பாகும், கொல்கத்தாவுக்கு ரவீந்திர சரோவர் என்று நடப்பவர்களுக்கு இடப்பஞ்சம் இல்லை. ஆனால் தட்டையான பாதையைவிடப் படிகளையே நான் பரிந்துரைப்பேன். ஏறுவதற்குச் செலவாகும் ஆற்றல் நடையைவிட மிகுதி. மேலே ஏறினால் காட்சியும் கிடைக்கிறது. புணே நகரின் பர்வதி குன்றில் 103 படிகள். காலை நேரத்தில் அங்கே பக்தர்களோடு பயிற்சிக்காக ஏறி இறங்குபவர்களையும் காணலாம். மைசூரின் சாமுண்டி மலையில் ஏறத்தாழ ஆயிரம். முக்கால் பங்கு ஏறிய நிலையில் மூச்சு வாங்கும்போது பெரிய நந்தி காட்சி தருகிறது. அங்கே படிகளை அமைத்தவர்களுக்கு மனித உடலைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காதுக்கும் ஏதாவது கொடுக்கலாம். கேட்டி மில்க்மன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், கீழே வைக்க மனம் வராத நாவல்களை ஒலிவடிவில் தந்து, அவற்றை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு குழுவுக்கு விதித்தார்கள். தொடக்கத்தில் அக்குழுவினர் மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். இடையில் வந்த பண்டிகை விடுமுறைக்குப் பின் அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. இரண்டுமே நமக்குப் பாடம்தான்: கதை இழுக்கும், ஆனால் நீண்ட விடுப்பு அறுத்துவிடும். தீபாவளிக்கு ஊருக்குச் சென்று திரும்பிய மறுநாளே புதுக் கதையைத் தொடங்கிவிடுவது நல்லது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் ஒலிநூலாகக் கிடைக்கின்றன. பல மாத நடைக்குத் தாங்கும். சாலையோரம் நடப்பவர்கள் ஒரு காதையாவது வண்டிச் சத்தத்துக்குத் திறந்து வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, பயிற்சி என்ற எண்ணமே எழாத பயிற்சி விளையாட்டு. நண்பர்களோடு சாதாரணமாக ஆடும் பூப்பந்துகூட ஓய்வைப் போல் ஐந்தரை மடங்கு ஆற்றலைச் செலவாக்குகிறது. முன்பு சொன்ன எண்பது கிலோக்காரருக்கு முக்கால் மணியில் 330 கலோரி. எதிரில் நிற்பவரை வெல்லும் ஆவலில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. நால்வர் ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் மூவர் வருந்த வேண்டியிருக்கும். அந்தக் கூச்சமே வராமல் இருக்க நினைப்பவரையும் இழுத்து வந்துவிடும். ஆட்டத்தில் நாட்டமில்லாதவர்கள் நடனத்தை நாடலாம். கர்பாவோ பாங்க்ராவோ அரை மணி நேரம் ஆடியவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், நீண்ட காலம் உடலுழைப்பின்றி இருந்தவர்கள், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் விரைவு நடைக்கும் படியேற்றத்துக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு தோன்றினால் அந்த நொடியே நிறுத்தி மருத்துவ உதவி பெறுவது கட்டாயம். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற ரோசத்துக்கு அங்கே இடமில்லை.

வட இந்தியக் குளிர்காலத்தில் காற்றின் மாசு கடுமையாக இருக்கும் நாள்களிலும், மும்பை மழையிலும், சென்னையின் மே மாத வெயிலிலும் வெளியே செல்வது சரியாகாது. அந்த நாள்களுக்கென ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வைக்கலாம்; முழங்கால் நலமாக இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் குதித்து ஒரு நிமிடம் ஓய்ந்தால் பத்து நிமிடத்திலேயே வியர்த்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிப்ட். முழங்காலைச் சோதிப்பது பெரும்பாலும் இறக்கம்தான்.