சூடு ஒரு கணக்கு, மந்தம் வேறு கணக்கு

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் மாணவர் கைக்குப் போனவை 51 லட்சத்துக்கும் மேல். செலவு 7,200 கோடி ரூபாய்க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய். கடற்கரை ஊரான குளச்சலில் அப்படியொரு பழைய லேப்டாப் கொதிக்கிறது, ஊர்கிறது என்றால் அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்? இந்த 14,000-ஐ அளவுகோலாக வைத்துப் பார்ப்போம்.

முதல் கணக்கு: சூடு

அக்காலத்து லேப்டாப் செயலிகள் பலவும் முழு வேலையில் 35 வாட் வெப்பம் விடுபவை. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் மதிய வெப்பம் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பது உள்ளே சேர்ந்த அழுக்கைப் பொறுத்தது. மூன்று நிலைகளைக் கற்பனையாக எடுத்துக்கொண்டால்:

- சுத்தமானது, வாட்டுக்கு 1.2 டிகிரி: 33 + 42 = 75
- தூசி படிந்தது, 2 டிகிரி: 33 + 70 = 103
- அடைத்துக்கொண்டது, 3 டிகிரி: 33 + 105 = 138

இரண்டாம் நிலையில் வரம்புக்குள் நிற்க 33.5 வாட்டுக்குக் குறைத்தால் போதும். இழப்பு 5 சதவீதம்கூட இல்லை. அதே லேப்டாப் 25 டிகிரி ஏ.சி. அறையில் 95-இல் நின்றுவிடும், வேகம் குறையவே குறையாது. மூன்றாம் நிலையில் 22 வாட்தான் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கடற்கரை ஊரில் இந்த மூன்றாம் நிலை சீக்கிரம் வரும். உப்பு ஈரத்தை இழுப்பதால் தூசி தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது, வெளியிலிருந்து ஊதினால் போகாது. கழற்றித் தூரிகையால் துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்ற வேண்டும்.

இரண்டாம் கணக்கு: மந்தம்

வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளில் 60 டிகிரிதான் தெரிகிறது, ஆனாலும் ஊர்கிறது என்றால் பேஸ்ட் மாற்றிப் பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி; சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 5.6. முள் இடம் மாற இன்னும் 12 என்று கொண்டால் ஒரு துண்டுத் தகவலுக்கு 17.6 மில்லி விநாடி. சிதறிக் கிடக்கும் 6,000 துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க 105 விநாடி ஆகும். எஸ்.எஸ்.டி.யில் துண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி. அதே வேலை ஒரு விநாடிக்குள் முடியும்.

செலவுப் பட்டியல்

கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள் இவை. கடைக்குக் கடை மாறும்.

- சுத்தம், பேஸ்ட், கூலி: 600
- 256 ஜிபி எஸ்.எஸ்.டி.: 2,500
- 4 ஜிபி ராம்: 800
- புது ஃபேன்: 800
- லினக்ஸ்: 0
- மொத்தம்: 4,700

முதல் இரண்டும் சேர்த்து 3,100. வாங்கிய விலையில் 22 சதவீதம். ராமையும் சேர்த்தால் 3,900, அதாவது 28 சதவீதம். ஃபேனும் போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். அதற்கு மேல் மதர்போர்டு பழுது என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

காசு கொடுத்தும் தீராத ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சில்லு) மூன்றும் வேண்டும். முதலிரண்டை வாங்கிவிடலாம்; மூன்றாவது 2011-இன் லேப்டாப்பில் இல்லை. ஆகவேதான் பட்டியலில் லினக்ஸுக்கு நேரே அந்தப் பூஜ்யம். லினக்ஸ் மின்ட் 2 ஜிபியில் ஓடும், 4 இருந்தால் நன்றாக ஓடும்.

மின்கட்டணத்தைக் காட்டிப் புதிது வாங்கவும் காரணமில்லை. 40 வாட், தினம் 5 மணி நேரம், 60 நாள்: 12 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம்.

முதலில் வெப்பநிலையையும் டிஸ்க் சதவீதத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சூடு மட்டும் என்றால் செலவு 600. மந்தம் மட்டும் என்றால் 2,500. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்; சார்ஜ் போடாமல் அதை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.