இந்தியாவோட நம்பர் 1 ஆட்டக்காரர், பேங்க்ல 900 யூரோ: இதை உங்க பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பீங்க?

2023 செப்டம்பர்ல ஒரு செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? டென்னிஸ் ஒற்றையர் பிரிவுல அப்போ இந்தியாவோட முதல் இடத்துல இருந்த சுமித் நாகல், தன் பேங்க் அக்கவுண்ட்ல 900 யூரோதான் இருக்குன்னு வெளிப்படையா சொன்னார். நம்ம கணக்குல சுமார் 80,000 ரூபாய். 2019 யுஎஸ் ஓபன்ல ரோஜர் ஃபெடரர்கிட்ட ஒரு செட் ஜெயிச்ச மனுஷன் அவர். ஐடி வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆன ஒருத்தர் அக்கவுண்ட்ல இதை விட அதிகமா இருக்கும்.

அந்த வருஷம் அவர் சம்பாதிக்கலையான்னு கேட்டா, சம்பாதிச்சார். பரிசுப் பணம் மட்டும் 60 லட்சத்துக்கு மேல. ஆனா வருஷம் முழுக்க டூர்ல ஆடுறதுக்கு ஆகுற செலவு 80 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும். கோச், ஃபிசியோ, விமான டிக்கெட், ஹோட்டல், ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் மாத்துறது எல்லாம் அவர் தலையில. நமக்கு ஆபீஸ் லேப்டாப் கொடுக்குது, வெளியூர் போனா டிஏ கொடுக்குது. அவருக்கு அவரேதான் கம்பெனி, அவரேதான் எம்ப்ளாயி.

இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்? காரணம் இருக்கு. சனிக்கிழமை காலையில பிள்ளையை டென்னிஸ், பேட்மிண்டன், கிரிக்கெட் கோச்சிங்ல விட்டுட்டு, வெளியே கார்ல உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்க்குற அப்பா அம்மாக்கள் நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. "பையன் நல்லா ஆடுறான், அடுத்த லெவல் கோச்சிங் சேர்க்கலாம்னு சொல்றாங்க, பர்சனல் லோன் போடலாமா?"ங்கிற கேள்வி அடிக்கடி வருது. அதுக்கு நேரடியா பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஆட்டத்தோட பொருளாதாரத்தைப் பார்த்துடலாம்.

கீழ்மட்டத்துல என்ன கிடைக்குது?

டென்னிஸ்ல தொழில்முறை ஆட்டத்தோட முதல் படி M15ன்னு சொல்ற போட்டிகள். மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒரு வாரம் முழுக்க ஆடி, அஞ்சு மேட்ச் வரிசையா ஜெயிச்சு கோப்பை வாங்குறவருக்கு 2,160 டாலர். டாலர் 85 ரூபாய்னு வச்சா சுமார் 1 லட்சத்து 83 ஆயிரம். பரவாயில்லையேன்னு தோணும். ஆனா முதல் சுற்றுலயே தோத்தவருக்கு 156 டாலர், அதாவது சுமார் 13,000 ரூபாய். இதுல அந்தந்த நாட்டு வரிப் பிடித்தமும் போகலாம். போயிட்டு வர்ற டிக்கெட்டுக்கே இது பத்தாது. 32 பேர் ஆடுற போட்டியில பாதிப் பேர் முதல் சுற்றோட வீட்டுக்குப் போறாங்கங்கிறதையும் சேர்த்து யோசிங்க.

இந்த நிலைமை தெரிஞ்சுதான் ஏடிபி அமைப்பு 2024ல இருந்து ஒரு குறைந்தபட்ச வருமான உத்தரவாதத்தைக் கொண்டு வந்துச்சு. 2024ல முதல் 100 இடத்துக்குள்ள இருந்தவங்களுக்கு வருஷம் 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை 1.5 லட்சம், 176 முதல் 250 வரை 75,000 டாலர்னு வச்சிருந்தாங்க. பரிசுப் பணம் அதுக்குக் கீழே போனா மீதியை அவங்க போட்டுத் தருவாங்க. நல்ல திட்டம்தான். ஆனா உலகத்துல 251வது இடத்துல இருக்குற ஆளுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. நம்ம துறையில உலகத்துல 251வது இடத்துல இருக்குற ஆளோட சம்பளம் என்னவா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க!

நாகல் கதைக்கு வருவோம். நாலே மாசத்துல, 2024 ஜனவரியில, ஆஸ்திரேலியன் ஓபன் தகுதிச் சுற்றுல ஜெயிச்சு உள்ளே வந்து, 31வது சீட் அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோற்கடிச்சார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர்ல சீட் உள்ள ஒருத்தரை ஒரு இந்தியர் ஜெயிச்சது, 1989ல நம்ம சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணன் மேட்ஸ் விலாண்டரை ஜெயிச்சதுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. ரெண்டாவது சுற்றுல தோத்ததுக்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுல ஒரு கோடியை நெருங்குற தொகை. அடுத்த மாசமே சென்னை ஓபன் சேலஞ்சரை ஜெயிச்சு முதல் 100க்குள்ள போனார்.

ஒரு வருஷம் ஓடி ஓடி ஆடியும் பேங்க்ல ஒண்ணும் மிஞ்சலை, ஒரே வாரத்துல ஒரு வருஷச் செலவு கைக்கு வந்துச்சு. இப்படி ஏறி இறங்குற வருமானத்தைத் தாங்குறதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, யாராவது ஸ்பான்சர் பண்ணணும். இல்லைன்னா குடும்பத்துல சொத்து இருக்கணும். சம்பளம் இருந்தா மட்டும் போதாது.

பெண்கள் டென்னிஸ்ல ஜெசிக்கா பெகுலாவை எடுத்துக்கங்க. 2024 யுஎஸ் ஓபன் இறுதிப் போட்டி வரைக்கும் வந்தவங்க. அப்பா டெர்ரி பெகுலா, பஃபலோ பில்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் அணியோட உரிமையாளர். ஜெசிக்கா பல வருஷம் காயங்களோட, 100க்கு வெளியே இருந்து, இருபதுகளோட நடுவுலதான் மேலே வந்தாங்க. ஜெயிச்சது அவங்க உழைப்புல, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா "இன்னும் ரெண்டு வருஷம் முயற்சி பண்றேன்"னு சொல்றதுக்கு அவங்க யார்கிட்டயும் கடன் வாங்க வேண்டியதில்லை. சொத்து வாங்கித் தர்ற பெரிய பொருள் நேரம்தான்னு எனக்குத் தோணுது.

பிள்ளை கண்ணுக்கு எது தெரியுது?

உங்க பிள்ளை நிக்கிற அதே கோர்ட்ல பக்கத்துல ஒரு பையன் நிக்கிறான். அதே டிரெஸ், அதே பிராண்ட் ராக்கெட். அவங்க வீட்டுக்கு ரெண்டு கடை வாடகை வருது, உங்க வீட்டுக்கு ரெண்டு இஎம்ஐ போகுது. எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கார்ல வந்து இறங்கினா பணக்காரங்க, அவ்வளவுதான். அந்தக் கார் பேங்குக்குச் சொந்தம்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைங்க பணத்தை எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னு உளவியல்ல நல்ல ஆராய்ச்சிகள் இருக்கு. இத்தாலியில பெர்ட்டி, பொம்பின்னு ரெண்டு பேர் 1980கள்ல சின்னப் பிள்ளைங்ககிட்ட பேசிப் பார்த்தாங்க. கடைக்காரர் கொடுக்குற மீதிச் சில்லறைதான் பணம் வர்ற வழின்னும், பேங்க் கேட்டவங்களுக்கெல்லாம் பணம் கொடுக்கும்னும் நினைக்கிற பிள்ளைங்க இருந்தாங்க. வேலைக்கும் பணத்துக்கும் இருக்குற தொடர்பு கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் பிடிபடுது. இன்னைக்கு நம்ம வீட்டுல சில்லறையும் கிடையாது. போனைக் காட்டினா 'டிங்'னு சத்தம், பொருள் கைக்கு வந்துடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கஸ்டவ் ஜஹோடாவோட ஆராய்ச்சி. கடைக்காரர் ஒரு பொருளை என்ன விலைக்கு வாங்கியிருப்பார்னு கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைங்ககிட்ட கேட்டார். விக்கிற அதே விலைக்குத்தான்னு பல பேர் சொன்னாங்க. லாபம்னா என்னன்னு தெளிவாப் புரியவே பத்து, பதினோரு வயசு ஆச்சு. அதே கேள்வியை ஜிம்பாப்வேயில கேட்டப்போ, குடும்பத்தோட சேர்ந்து விக்கிறது வாங்குறதுல பழகின பிள்ளைங்களுக்கு அது முன்னாடியே புரிஞ்சிருந்துச்சு. நம்ம ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி வீட்டுப் பிள்ளையை நினைச்சுக்கங்க. ஏழு வயசுல கொள்முதல் விலை, விக்கிற விலை ரெண்டும் அதுக்கு அத்துப்படி. மாசச் சம்பளக்காரங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்பா லேப்டாப்பைப் பார்க்குறார், 30ஆம் தேதி பணம் வருது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரும் காட்டலை.

சரி, எவ்வளவு சொல்லணும்? ஜோகோவிச் சின்ன வயசுல நடந்த ஒரு விஷயத்தை அவரே சொல்லியிருக்கார். 90கள்ல செர்பியாவுல நெருக்கடியான காலம். அவங்க அப்பா குடும்பத்தை உட்கார வச்சு, மேசை மேல 10 ஜெர்மன் மார்க் நோட்டை வச்சு, நம்மகிட்ட இருக்குறது இவ்வளவுதான்னு சொன்னாராம். பையனோட டென்னிஸுக்காக அதிக வட்டிக்குக் கடனும் வாங்கினார். நோட்டை மேசை மேல வச்ச நேர்மை எனக்குப் பிடிக்கும். வட்டிக்கு வாங்கினதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜோகோவிச் ஜெயிச்சதால நமக்கு இந்தக் கதை வந்து சேர்ந்துச்சு. அதே மாதிரி கடன் வாங்கித் தோத்த வீட்டுக் கதையை யார் பேட்டி எடுக்கப் போறாங்க?

இப்போ அந்த லோன் கேள்வி

கோச்சிங், பயணம், சாமான் எல்லாம் சேர்த்து மாசம் 15,000 ஆகுதுன்னு ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். அதையே 7% வட்டியில பத்து வருஷம் போட்டா சுமார் 26 லட்சம் சேரும். காலேஜ் செலவுல பெரும்பங்கு அது. இதை ஆட்டத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா அது முதலீடு கிடையாது, பிள்ளையோட சந்தோஷத்துக்கும் உடம்புக்கும் பண்ற செலவு. சம்பளத்துல இருந்து தாங்குற வரைக்கும் தாராளமா பண்ணுங்க. 5 லட்சம் பர்சனல் லோன் 13% வட்டியில அஞ்சு வருஷத்துக்குப் போட்டா மாசம் சுமார் 11,400, மொத்தம் 6.8 லட்சம் கட்டுவீங்க. பிள்ளை நடுவுல "எனக்குப் பிடிக்கலை"ன்னு சொன்னாலும் இஎம்ஐ நிக்காது. அதை விட மோசம், அந்த இஎம்ஐக்காக நீங்களே பிள்ளையை "பிடிக்கலைன்னு சொல்லாதே"ன்னு கட்டாயப்படுத்த ஆரம்பிப்பீங்க. அதனால என் பதில்: எமர்ஜென்சி ஃபண்டு, பிஎஃப், லோன் மூணுமே வேண்டாம்.

இதைப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? ஏழெட்டு வயசுன்னா சம்பளத்தொகை எல்லாம் வேண்டாம். ஒரு டப்பாவுல பந்து இவ்வளவு, கோச் ஃபீஸ் இவ்வளவுன்னு கடையிலயே காட்டுங்க. பத்துப் பன்னிரண்டு வயசுன்னா விளையாட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கோம்னு சொல்லி, வெளியூர் டோர்னமெண்ட் ரெண்டா, புது ராக்கெட்டான்னு முடிவை அதுகிட்டயே விடலாம். "உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா"ங்கிற வசனம் மட்டும் வேண்டாம். அதுல பிள்ளைக்குக் கணக்கு புரியாது, குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

உண்மையிலேயே திறமை இருக்குன்னு கோச் தவிர வேற ரெண்டு பேராவது சொன்னா, அடுத்தவங்க பணத்தைத் தேடுங்க. நாகலோட அப்பா ஒரு பள்ளி ஆசிரியர். பத்து வயசு வாக்குல மகேஷ் பூபதியோட திட்டத்துல தேர்வானதாலதான் அந்தக் குடும்பத்தால தொடர முடிஞ்சுது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிகள்ல தேர்வானா தங்குறது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. கேலோ இந்தியாவுல தேர்வாகுறவங்களுக்குக் கைச்செலவுக்கே மாசம் 10,000 ரூபாய் கிடைக்குது. ரெண்டுக்கும் தேர்வு வழியாத்தான் போகணும், அறிவிப்பு எப்போ வருதுன்னு அவங்க இணையதளத்துல பார்த்து வச்சுக்கங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஆடின போட்டிகளோட சான்றிதழ் எல்லாத்தையும் இப்பவே ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.