பெட்டியில் போட்டிருக்கும் 525 மடங்கு

"டீச்சர், பையன் டெலஸ்கோப் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். எதை வாங்க?" பரீட்சை முடிவு வந்த வாரத்தில் இந்தக் கேள்வியோடு யாராவது என் வீட்டுப் படியேறிவிடுவார்கள். கையில் செல்போன், திரையில் ஒரு விளம்பரம், அதில் கொட்டை எழுத்தில் '525 மடங்கு பெரிதாக்கும்'. விருதுநகர் மாவட்டத்தில் பல காலம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்த எண்ணைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரிதாக்குவது பெரிய வித்தையே இல்லை. குழாயின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். 900 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90. ஐபீஸை மாற்ற மாற்ற எண் ஏறும், உள்ளே வரும் வெளிச்சம் ஏறாது. மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரிதான். வெளிச்சத்தைச் சேர்ப்பது முன்னால் இருக்கும் லென்ஸ், அல்லது அடியில் இருக்கும் ஆடி. அதன் விட்டம் எத்தனை மி.மீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்கு வரைதான் பிம்பம் தாங்கும். 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கு, அதுவும் காற்று அடங்கிய இரவில். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விட்டம்.

அடுத்தது ஸ்டாண்ட். மலிவு டெலஸ்கோப்புகளோடு வரும் ஒல்லி டிரைபாடை மொட்டை மாடியில் நிறுத்தினால், பக்கத்தில் ஒரு ஆள் நடந்தாலே சனி ஆடும். இதற்கு விடை கண்டவர் ஜான் டாப்சன் என்ற அமெரிக்கர். சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தே ஆடி செய்தார். 1967ல் மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகு, டெலஸ்கோப்பைத் தெருவோரம் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். மரப்பெட்டியில் உட்கார்ந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுழலும் அவருடைய எளிய அமைப்புக்கு இன்று டாப்சோனியன் என்றே பெயர். 114 மி.மீ. அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் ஒன்று வாங்க முடிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அவ்வளவு செலவு முடியாதென்றால் 10x50 பைனாகுலர் வாங்குங்கள். பொம்மை டெலஸ்கோப்பைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் இரவில் நிலாவைப் பாருங்கள். பௌர்ணமி வேண்டாம், அன்று நேர் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் தெரியாது. வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பைப் பார்த்தால் மலைகளின் நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். அப்புறம் வியாழன். 1610ல் கலிலியோ பார்த்த நான்கு நிலாக்களும் சிறு குழாயிலேயே தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி ஒடுங்கிப்போயிருந்தது. இனி ஆண்டுக்காண்டு விரியும். பத்திரிகைப் படங்களில் வரும் வண்ணத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. திருவாதிரைக்குத் தெற்கே இருக்கும் ஓரியன் நெபுலாகூட சாம்பல் புகையாகத்தான் தெரியும்.

எனக்குப் பிடித்தது அருந்ததி. அம்மி மிதித்து அருந்ததி பார்த்த தம்பதிகளில் எத்தனை பேர் உண்மையில் அதைப் பார்த்திருப்பார்கள்? முகூர்த்தம் பெரும்பாலும் பகலில், ஐயர் கை காட்டுவது பந்தல் துணியை! சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. நல்ல கண்ணுக்கு இரண்டும் தனித்தனியே தெரியும். டெலஸ்கோப்பைத் திருப்பினால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். அந்த இரண்டும்கூட ஒவ்வொன்றும் இரட்டை என்று பின்னாளில் ஒளியைப் பகுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

வைகாசி மத்தியில் இரவு 9 மணி வாக்கில் வடக்கே வசிஷ்டர் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில், திரும்பித் தெற்கே பார்த்தால் ஒமேகா சென்டாரி உச்சத்தில் நிற்கும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் மொய்க்கும் கொத்து அது. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. நம் ஊர் இருக்கும் இடத்துக்குக் கிடைத்த சலுகை என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெலஸ்கோப்பை மூடி உலர்ந்த இடத்தில் வையுங்கள், ஈரம் தங்கினால் ஆடியில் பூஞ்சை பிடிக்கும்.

குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சிறு ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துக் கோபுரக் கலசத்திலோ செல்போன் டவரிலோ வைத்துச் சரிசெய்துகொள்வது நல்லது. ஆனால் சூரியன் இருக்கும் பக்கம் குழாய் திரும்பவே கூடாது. சில மலிவு டெலஸ்கோப்புகளில் ஐபீஸில் திருகிக்கொள்ள ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி வரும், சூரியனைப் பார்க்க என்று. குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போகும். பெட்டியைப் பிரித்ததும், பிள்ளைகள் கையில் எடுப்பதற்கு முன், அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.