கிடங்குக் கூரைக்கு நுரை அடிக்கலாமா?

பங்குனி பாதியில் தொடங்கி ஆடிக் காற்று வரும்வரை தகரக் கூரைக் கிடங்கு வைத்திருப்பவர்கள் படும் பாடு நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்டை வெல்லம் கசிந்து சாக்கோடு ஒட்டிக்கொள்கிறது. கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. புளி கறுக்கிறது, மிளகாய் வற்றல் நிறம் குன்றுகிறது. பகல் 12 மணிக்கு மேல் மேல் அட்டியில் ஏறிச் சரக்கு இறக்க லோடுமேன்கள் மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெயில் ஏறிய தகடு 60 டிகிரியைத் தாண்டும். அதற்கு இரண்டு முழம் கீழே நின்று மூட்டை தூக்கச் சொல்வது எப்படி?

இதற்கு மருந்து என்று இப்போது ஒரு சரக்கு கடைவீதியெங்கும் விலை பேசப்படுகிறது. 'பப் ஸ்பிரே', 'பி.யு. போம்' என்று பெயர். விசிட்டிங் கார்டோடு வருகிறவர்கள், "கூரைக்கு உள்பக்கம் ஒரு தடவை அடித்துவிட்டால் ஏ.சி. போட்டது மாதிரி இருக்கும், மழை ஒழுக்கும் நின்றுவிடும், 25 வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். இந்த மூன்றில் முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவது அவரவர் கூரையைப் பொறுத்தது. அவர்கள் சொல்லாமல் விடும் நான்காவது விஷயம் தீ. அதற்காகவே இந்தக் கட்டுரை.

பொருள் என்ன?

பாலியூரித்தேன் என்பது 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பொருள். நாம் உட்காரும் சோபாவின் மெத்தையும் அதன் இனம்தான். குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் இருப்பதும் அதன் இனம்தான். கூரைக்கு அடிப்பது கெட்டி வகை. இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவங்கள் வரும். ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால். ஓட்டை அடைக்கும் எம்சீலில் இரண்டு உருண்டைகளைப் பிசைகிறோம் அல்லவா, அதைப்போல இங்கே துப்பாக்கி முனையில் இரண்டும் சேர்கின்றன. கூரையில் பட்ட சில விநாடிகளில் நுரைத்துப் பல மடங்கு பருத்து அப்படியே இறுகிவிடும்.

இதில் மூடிய கண் நுரை, திறந்த கண் நுரை என்று இரண்டு ரகம் உண்டு. மூடிய கண் நுரை ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவும் அதற்கு மேலும் எடை இருக்கும், கெட்டியானது, ஈரத்தை உள்ளே விடாது. திறந்த கண் நுரை அதில் நாலில் ஒரு பங்கு எடைதான். விலை குறைவு; ஆனால் ஈரம் குடிக்கும்; அதே கனத்துக்கு வெப்பம் தடுக்கும் திறனும் மூடிய கண்ணில் ஏறக்குறைய பாதிதான். நம் ஊர்த் தகரக் கூரைக்கு மூடிய கண் ரகமே பொருந்தும். கொட்டேஷனில் வெறுமனே 'போம்' என்று எழுதியிருந்தால் எந்த ரகம், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்க வேண்டும். பருப்பில் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பார்த்து வாங்கும் நாம் இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது வேடிக்கைதான்.

எத்தனை அங்குலம்?

வியாபாரிக்கு இதுதான் முக்கியமான கணக்கு. வெறும் தகடு வழியாக இறங்கும் வெப்பத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் அங்குல நுரை அதில் சுமார் 85 பங்கைத் தடுத்துவிடும். இரண்டாவது அங்குலம் சேர்ந்தால் சுமார் 92, 93. மூன்றாவதும் சேர்ந்தால் 95. அதாவது முதல் அங்குலத்துக்குக் கொடுத்த காசுக்கு 85 பங்கு லாபம், மூன்றாவது அங்குலத்துக்குக் கொடுத்த காசுக்கு இரண்டு மூன்று பங்கு லாபம். குளிர்பதனக் கிடங்குக்கும் பனிக்கட்டி விழும் நாட்டுக்கும் அந்த மூன்று பங்கும் தேவை. மூட்டைக் கிடங்குக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் அடிக்கச் சொல்கிறவர் தம் வியாபாரத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

'ஏ.சி. போட்டது மாதிரி' என்பதில் பாதி உண்மை என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. நுரை குளிரை உண்டாக்காது. கூரை வழியே வரும் சூட்டைத் தடுக்கும், அவ்வளவுதான். மேற்குச் சுவர் காய்ந்து உள்ளே தரும் சூடு, திறந்த ஷட்டர் வழியே வரும் அனல் காற்று, பகலெல்லாம் சூடேறிய சரக்கு இவற்றை அது ஒன்றும் செய்யாது. இன்னொன்றும் உண்டு. வெறும் தகடு இரவில் சீக்கிரம் ஆறிக் கிடங்கின் சூட்டையும் வெளியே விட்டுவிடும். நுரை அடித்த பிறகு அந்த வழி அடைபடும். ஆகவே மோட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் வலையடித்த காற்றுப் போக்கி கண்டிப்பாக இருக்க வேண்டும். கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டர் இருந்தால் அதை மூட விடக்கூடாது.

இந்த இடத்தில் மேல்நாட்டுப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டுக்கு நுரை அடிப்பதன் நோக்கம் இரண்டு. ஒன்று வெப்பத் தடுப்பு. மற்றது காற்றுக் கசிவை அடைப்பது. அங்கே குளிர் காலத்தில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று சந்து பொந்து வழியே ஓடிவிடுகிறது. அதை நிறுத்தினால் எரிபொருள் மிச்சம். நம் தானியக் கிடங்கில் மூட்டையிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். சந்து எல்லாவற்றையும் அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பூக்கும். கூரைத் தகட்டுக்கு அடியில் அடியுங்கள். காற்று வழியை விட்டுவிடுங்கள்.

ஒழுக்குக்கு மருந்து அல்ல

தகடு துருப்பிடித்து, போல்ட் வாஷர் போய், ஒழுகுகிற கூரைக்கு அடியில் நுரை அடித்தால் சில காலம் ஒழுக்கு நின்றது போலத் தோன்றும். தண்ணீர் நுரைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊர்ந்து, ஓட்டை இருக்கும் இடத்தை விட்டு வேறொரு மூலையில் இறங்கும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. தகடு உள்ளுக்குள்ளேயே துருவேறும், நமக்குத் தெரியாது. முதலில் கூரையைப் பழுது பார்த்து, ஒரு மழை தாங்குகிறதா என்று பார்த்து, பிறகுதான் நுரை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் இன்னொரு எச்சரிக்கை. ஒட்டுவதற்காகக் கம்பிப் பிரஷ் போட்டுச் சுரண்டுவார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலர்ந்த நிலையில் சுரண்ட விடாதீர்கள்.

நாளைக்குக் கூரையை மாற்ற வேண்டி வந்தால் நுரை தகட்டை விட்டுப் பிரியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் அந்தக் கூலியைக் கழித்துத்தான் விலை பேசுவார். வாடகைக் கிடங்கானால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தொட வேண்டாம். எலி விஷயமும் சொல்ல வேண்டும். எலி இதைத் தின்னாது, ஆனால் துளைத்துக் கூடு கட்டும். நம் கடைகளில் எலிக்கு வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தீ

கெட்டி நுரை எரியும் பொருள். எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரும்புகை வரும். இரண்டும் ஆளைக் கொல்லும் விஷம். தென்கொரியாவில் இச்சோன் என்ற ஊரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்து 40 பேர் இறந்தார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில், கட்டி முடியும் நிலையில் இருந்த இன்னொரு கிடங்கில் வெல்டிங் பொறி யூரித்தேன் நுரையில் பட்டு 38 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் மாண்டவர்கள் வேலைக்கு வந்த தொழிலாளிகள். நம் கிடங்கில் லோடுமேனும் கணக்குப்பிள்ளையும் இருக்கும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

'தீப்பிடிக்காத போம்' என்று சொல்லி விற்பார்கள். தீயைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்த ரகம் உண்டு; அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் தாமதம் வேறு, பிடிக்காமலிருப்பது வேறு. தீக்குச்சி காட்டி "பாருங்கள், அணைந்துவிட்டது" என்று காட்டுகிற வித்தையை நம்பிவிடக்கூடாது. அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் சாக்கும் எண்ணெய் டின்களும் கீழே எரியும்போது கூரைக்குப் போகும் சூடு வேறு கதை. அமெரிக்கக் கட்டட விதிப்படி, ஆள் புழங்கும் இடத்தில் இந்த நுரையைத் திறந்த மேனியாக விடக்கூடாது. அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடான மறைப்போ போட வேண்டும். நம் கிடங்கில் பலகை கட்ட முடியாவிட்டால் தீத்தடுப்புப் பூச்சாவது மேலே அடிக்க வேண்டும். அதற்கும் சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள்.

மின்சார வயர்களை நுரைக்குள் புதைக்க விடக்கூடாது. நுரை சூட்டை வெளியே விடாது என்பதால் வயரின் சூடும் உள்ளேயே தங்கி இன்சுலேஷன் உருகும். வயர்களைக் குழாயில் போட்டு நுரைக்கு வெளியே இறக்கிவிட்டு, பிறகு அடியுங்கள். நுரை அடித்த கிடங்கில் வெல்டிங் வேலை வந்தால் அந்த இடத்து நுரையைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு ஆள் நிற்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் அலட்சியம் அதிகம். தீ இன்ஷூரன்ஸ் பாலிசியில், கட்டடத்தில் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் செய்தால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள இடங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி வைத்திருப்பவர்களும் நிபந்தனைத் தாளை எடுத்துப் படியுங்கள். நுரை அடிக்கும் முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் வரும் நாளில் அந்தத் தாளுக்கு மதிப்பு தெரியும்.

கடைக்கு மேல் வீடு

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. அது கான்கிரீட் தளமானால் உள்பக்கம் நுரை அடிப்பது வீண் என்பது என் கருத்து. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உள்ளே கக்கும். வெயிலை மேலேயே தடுப்பதுதான் முறை. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தட்டி, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று வெள்ளை நிறக் கூலிங் பெயின்ட், வெள்ளை ஓடு எல்லாம் கிடைக்கின்றன. தெலங்கானா அரசு இதற்கென்றே 2023-ல் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. ஒன்றுமில்லாவிட்டால் கோடைக்கு முன் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். தகரக் கூரைக்கும் மேல்பக்கம் வெள்ளைப் பூச்சு முதல் வேலை; நுரை இரண்டாவது வேலை.

வீட்டில் நுரை பயன்படும் இடம் ஒன்று உண்டு. ஏ.சி. அறையில் குழாய் போகும் ஓட்டை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள விரிசல் இவற்றை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டின் நுரையால் அடைக்கலாம். வெயில் பட்டால் மஞ்சளித்துப் பொடியாகும். ஆகவே மேலே பூசிவிட வேண்டும். சமையலறைப் பக்கம் மட்டும் கையை வைக்காதீர்கள். சிலிண்டர் வாயு காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். கீழ்க் காற்றுவழியை அடைப்பது ஆபத்து.

வீட்டை அடமானம் வைக்கும்போதும் இது வந்து நிற்கலாம். பிரிட்டனில் மரக் கூரைக்கு அடியில் நுரை அடித்த பல வீடுகளுக்குச் சில கடன் நிறுவனங்கள் கடன் தர மறுத்துவிட்டன. நுரைக்குள் மறைந்த மரம் உளுத்திருக்கிறதா என்று மதிப்பீட்டாளரால் பார்க்க முடியவில்லை என்பது காரணம். நம் ஊரில் ஓட்டு வீடு, மரக்கைகள் உள்ள பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலை கொடுக்கும்போது

சதுர அடிக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள். நெளிவுத் தகட்டை நெளிவோடு அளந்தால் அளவு கூடும். நேராக அளந்தால் குறையும். எந்த அளவு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் பில் வரும் அன்று சண்டைதான். அடித்து முடித்ததும் கோணி ஊசி ஒன்றை எடுத்துப் பத்து இடத்தில் குத்திக் கனத்தை நீங்களே பாருங்கள். பள்ளத்தில் கனமாகவும் மேட்டில் காகிதம் போலவும் இருக்கும் வேலைகள் உண்டு. ஜி.எஸ்.டி.யில் இந்தச் செலவுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாமா என்பது கட்டடச் செலவாகக் கணக்கில் ஏற்றுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. 17(5)-வது பிரிவைக் காட்டி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு தார்பாய் போட்டு மூடி அடிக்கிறேன் என்பவரை ஒப்புக்கொள்ள வேண்டாம். தெளிக்கும்போது வரும் ஆவி ஆஸ்துமா உண்டாக்கக் கூடியது. முகமூடியும் வெளிக்காற்றுக் குழாயும் இல்லாமல் வேலையாள் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முடித்த பிறகு குறைந்தது 24 மணி நேரம் எல்லாக் கதவும் திறந்து கிடக்க வேண்டும். டீத்தூள், அரிசி, மாவு இவை வாசனையை இழுக்கும் சரக்குகள். வாடை முழுதும் போன பிறகே அவற்றை உள்ளே ஏற்றுங்கள். கூரை காய்ந்திருக்க வேண்டும், கிடங்கும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் பொங்கல் வியாபாரம் முடிந்து புது மிளகாயும் மஞ்சளும் வந்து இறங்குவதற்கு முன் கிடைக்கும் தை மாதத்து இரண்டு மூன்று வாரங்களே இந்த வேலைக்குத் தோதானவை. ஆட்களுக்கு மார்கழியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.